எண்ணெய் விட்டால் வேகம் வருமா?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் அம்பத்தூரிலும் ஆவடியிலும் நம்மில் பலர் தட்டச்சுப் பயிலகங்களில் இடம் பிடிக்க ஓடுகிறோம். சேர்ந்த சில நாட்களிலேயே ஒரு பேச்சு எழுகிறது: "என் மெஷினுக்கு எண்ணெய் விடவில்லை, அதனால்தான் வேகம் வரவில்லை." இது உண்மையா, சாக்கா?

தையல் இயந்திரத்தில் இரும்போடு இரும்பு ஓயாமல் உராய்கிறது; அங்கே எண்ணெய் இன்றியமையாதது. தட்டச்சுப் பொறி வேறு வகை. அதன் எழுத்துக் கம்பிகள் பிறைவடிவத் தகட்டின் குறுகிய வெட்டுகளில் எழும்பி, தாமே திரும்பி விழ வேண்டியவை. அங்கே எண்ணெய் விட்டால் முதல் வாரம் வழுக்கிக்கொண்டு ஓடும். பிறகு தெருப் புழுதியும் ரப்பர்த் தூளும் ஒட்டிப் பிசுக்கேறி, கம்பி பாதி வழியில் நின்றுவிடும். விவரமறிந்த மெக்கானிக்குகள் அந்த வெட்டுகளைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்வார்களே தவிர, எண்ணெய் ஊற்றமாட்டார்கள். மேலே உருளை ஓடும் தண்டவாளத்துக்கு மட்டும் ஒரு துளி போதும். (உருளையை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு அழித்தால் ரப்பர்த் தூள் உள்ளே விழாது. எத்தனை பேர் அப்படிச் செய்கிறோம்?)

வீட்டில் அண்ணன்மார் கணினிக்கு வாங்கும் மெக்கானிக்கல் கீபோர்டிலும் இதே விவாதம்தான். ஒவ்வொரு விசைக்கும் அடியில் பிளாஸ்டிக் தண்டும் சுருள்வில்லும் உண்டு. சிலர் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி, தூரிகையால் கிரீஸ் தடவுகிறார்கள். பயனில்லை என்று சொல்லமாட்டோம். உரசலும் வில்லின் கிணுகிணுப்பும் குறைகின்றன. அளவு மீறினால் விசை மந்தமாகும். 'க்ளிக்' ஓசைக்காகவே வாங்கிய விசையில் அந்த ஓசையே அமுங்கிவிடும். எப்படியாயினும் காதுக்குத்தான் இன்பம். வேகம் விரலிலிருந்து வரவேண்டியது.

அதற்காக எல்லாம் விரலின் குற்றமே என்பதையும் நாம் ஏற்கவில்லை. ஆங்கில இளநிலைத் தேர்வுக்கு நிமிடத்துக்கு 30 சொற்கள் வேண்டும், முதுநிலைக்கு 45. ஒட்டிக்கொள்ளும் கம்பியை ஒவ்வொரு முறையும் கையால் விலக்கிவிடும் மாணவிக்குத் தாளம் எப்படி அமையும்? அவளைக் "கை மந்தம்" என்று கடைசி வரிசையில் உட்கார வைப்பது நியாயமா? 1955இல் தட்டச்சுப் பொறி செய்யத் தொடங்கிய கோத்ரெஜ் நிறுவனமே 2009இல் அதை நிறுத்திவிட்டது. பயிலகங்களில் இருப்பவை பெரும்பாலும் வயதான பொறிகள்தாம். எண்ணெயைவிடச் சுத்தம்தான் அவற்றுக்கு முதல் தேவை.

ஆகவே பெற்றோரே, கட்டணம் கட்டுமுன் மெஷின்களைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள் என்று கேளுங்கள். மாலையில் உறை போட்டு மூடுகிறார்களா என்பதையும் எட்டிப் பாருங்கள்.