பூ வைத்த எழுத்து

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி போஸ்டருக்காகக் கடம்பூரிலிருந்து கோவில்பட்டிக்குப் போயிருந்தேன். பதினாறாம் நாள் போஸ்டர் அடித்த அதே டிடிபி கடை. "பழைய மேட்டர் இருக்கு தம்பி, தேதிய மட்டும் மாத்திக்கலாம்" என்றார் கடைக்கார அண்ணாச்சி. இடையில் கம்ப்யூட்டர் மாறியிருந்தது. ஃபைலைத் திறந்தார். அப்பாவின் பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறிகளும் சிதறிக் கிடந்தன. "ஃபான்ட் போயிருச்சே" என்றார். அந்த ஃபான்ட் இருந்த சிடி எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை.

உங்களுக்கும் அந்த எழுத்து தெரியும். நடுவில் தடித்து, வளைவில் மெலிந்து, கோடு முடியும் இடத்தில் சுருண்டு ஒரு மொட்டு வைத்திருக்கும். கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயர், கோவில் கொடை நோட்டீஸில் அம்மன் பெயர், நினைவஞ்சலியில் இறந்தவர் பெயர் எல்லாம் அதில்தான்.

சென்னையில் இலக்கிய நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "நல்லதாப் போச்சு. அந்தப் பத்திரிகை ஃபான்ட்டெல்லாம் ஒழிஞ்சாத்தான் தமிழ் டிசைன் உருப்படும்" என்றார். இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்தோடு நான் போடும் சண்டை.

முதலில் ரசனை. அலங்கார எழுத்தில் ஒரு நாவலை அச்சிட்டால் நானும் படிக்க மாட்டேன். அது ஐந்தாறு சொல்லுக்கான எழுத்து. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு யாரும் பருத்திக்காட்டில் களையெடுக்கப் போவதில்லை. அதற்காகப் பட்டே வேண்டாம் என்பீர்களா? ஆங்கிலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லண்டன் சுவரொட்டிகளுக்காகவே கொழுத்த செரிஃப் எழுத்துகளை வார்த்தார்கள். சந்தைக் கூச்சலுக்குப் பிறந்த அந்த எழுத்துகளை இன்று புத்தகம் போட்டுக் கொண்டாடுகிறார்கள். 1920களில் வந்த கூப்பர் பிளாக்கை டீ-ஷர்ட்டில் பார்த்தால் நமக்கு 'ரெட்ரோ'. அதே கொழுப்பு, அதே வளைவு போலி கடை போர்டில் தமிழில் இருந்தால் பட்டிக்காடு. இதற்குப் பெயர் ரசனை இல்லை நண்பா.

கரிசல் வெயிலில் வந்து நின்று பாருங்கள். சித்திரை மாதம் நண்பகலில் வெளுத்த சுவர் கண்ணைக் கூசும். அங்கே மெல்லிய, ஒரே கனமுள்ள 'மினிமல்' எழுத்து இருந்தும் இல்லாததுதான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் போகிறவனை "ஏய், இங்க பாரு" என்று கூப்பிட எழுத்துக்கு உடம்பு வேண்டும்.

ஆங்கிலத்தில் இருக்கிறது என்பதற்காக ரோமன் எழுத்தின் பாதங்களைத் தமிழில் கொண்டுவந்து ஒட்டுவதையும் நான் கேட்கவில்லை. 'க'வுக்கு அடியில் செரிஃப் வைத்தால் வேட்டிக்குக் கீழே பூட்ஸ் போட்ட மாதிரி இருக்கும். நம் ஊர் பெயின்டர்கள் அதைச் செய்யவில்லை. வளைவு எங்கே மூச்சுவிடுகிறதோ அங்கேதான் பூ வைத்தார்கள். நம் எழுத்துக்கான அலங்கார இலக்கணம் அது.

இரண்டாவது, இதுதான் என் உண்மையான கோபம். அந்த ஃபைலில் தமிழே இல்லை. கம்ப்யூட்டருக்குத் தெரிந்ததெல்லாம் ஆங்கிலக் குறியீடுகள். அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திவிடுவது மட்டுமே அந்த ஃபான்ட்டின் வேலை. போர்வையை எடுத்தால் அப்பா இல்லை. அக்காலத்து வடிவமைப்பு மென்பொருள்களுக்குக் கொம்பை எழுத்துக்கு முன்னால் போடக்கூடத் தெரியாது என்பதால் அன்று வேறு வழியில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யூனிகோடில் தமிழ் 1991இலேயே வந்துவிட்டது. தமிழ்நாடு அரசு அதைத் தரப்பாடாக ஏற்றது 2010இல். சாதாரண எழுத்து யூனிகோடுக்குக் குடிபெயர்ந்தது. அலங்கார எழுத்தைப் பழைய வீட்டிலேயே விட்டுப் பூட்டினோம்.

காரணம் காசு. ஆங்கிலத்தில் 26 பெரிய எழுத்து வரைந்தால் ஒரு தலைப்பு ஃபான்ட் தயார். தமிழில் உகர, ஊகார வரிசைகளுக்கு மட்டுமே 36 உருவங்கள் வரைய வேண்டும். கு, டு, ழு மூன்றும் மூன்று விதமாக வளையும். மொட்டை ஒவ்வொன்றிலும் புதிதாகப் பொருத்த வேண்டும். மாதக்கணக்கில் வேலை. எக் டைப் குழுவின் பலூ தம்பி, இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸின் கவிவனார், அரிமா மதுரை என்று சில நல்ல எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. நன்றி. ஆனால் கல்யாணப் பத்திரிகையின் அந்த மொட்டு வைத்த எழுத்தை அவற்றில் தேடினேன், இல்லை.

விளைவைப் பாருங்கள். நம் காதுகுத்து, கல்யாணம், சாவு எல்லாம் வாட்ஸப்பில் படமாகத்தான் சுற்றுகின்றன. தேட முடியாது. நகலெடுக்க முடியாது. பார்வையற்ற ஒருவரின் திரைவாசிப்பான், அவர் தங்கையின் கல்யாணப் பத்திரிகைக்கு முன்னால் ஊமையாக நிற்கிறது. ஒரு சமூகம் தன் முக்கியமான சொற்களையெல்லாம் வாசிக்க முடியாத வடிவத்தில் எழுதி வைத்திருக்கிறது. நாமோ அழகியல் பேசிக்கொண்டிருக்கிறோம்.

யாரைக் குறை சொல்வது? என்னிடமிருந்தே தொடங்குகிறேன். பதினோரு வருஷமாக கோடு எழுதிச் சம்பாதிக்கிறேன். ஒரு தமிழ் எழுத்துருவுக்கு ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. அட்டைப்படத்துக்கு ஓவியருக்குப் பணம் கொடுக்கும் பதிப்பகங்கள் தலைப்பின் எழுத்துக்குக் கொடுப்பது அபூர்வம். இலக்கிய நண்பர்கள் சிரிப்பதோடு சரி. பழைய எழுத்துருக்களின் உரிமை வைத்திருப்பவர்கள் அவற்றை யூனிகோடில் திறந்துவிடலாம். சுவரெழுத்துக் கலைஞர்களைக் கூட உட்கார வைத்து, கூலி கொடுத்து, டிசைனர்கள் புதிதாக வரையலாம். மாற்றிக் கொடுக்கும் நிரலை நாங்கள் எழுதுகிறோம். அது ஒன்றும் ராக்கெட் இல்லை.

எப்படித் தெரியுமென்றால், அன்று இரவே செய்தேன். குறியீட்டு அட்டவணை ஒன்றைத் தேடியெடுத்து ஃபைலில் இருந்த வாசகத்தை மீட்டுவிட்டேன். பெயர் வந்துவிட்டது, பூ வரவில்லை. மறுநாள் அண்ணாச்சி விண்டோஸில் இருந்த லதா எழுத்தில் போட்டுக் கொடுத்தார்.

ஸ்டேஷன் ரோட்டில் ஒட்டியதும் அம்மா வந்து நின்று பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "ஏம்ல, அப்பா பேரு கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கு" என்றாள்.