கொல்லாமல் கொல்லும் நஞ்சு

தலைவியின் கூந்தல் மணத்துக்குச் சான்று கூறுமாறு தும்பியை அழைக்கிறது குறுந்தொகையின் இரண்டாம் பாட்டு. மணமறிவதில் வண்டினத்துக்கு நிகரில்லை என்பதைப் பண்டைத் தமிழர் அறிந்திருந்தனர். அவ்வினத்துத் தேனீயின் அறிவையே மழுக்கும் நஞ்சுகளை வயலில் இட்டுவிட்டு, ‘தேனீ சாகவில்லையே, பின் என்ன தீங்கு?’ என வினவுவோர் இன்றும் உளர். அவ்வினாவே பிழையானது.

தேனீ தன் புலன்களால் வாழ்வது. உணர்கொம்புகளால் மணத்தை அறியும். கதிரவனைக் கொண்டு வழியறியும். பூக்கள் மலிந்த இடத்தின் திசையையும் தொலைவையும் ஆடலால் தன் கூட்டத்துக்கு உணர்த்தும். அவ்வாடல்மொழியை ஆராய்ந்த கார்ல் வான் ஃபிரிஷ் 1973ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். நியோனிக்கோட்டினாய்டு எனப்படும் பூச்சிக்கொல்லிகளோ நரம்பையே தாக்குவன. விதையில் பூசினாலும் செடியெங்கும் பரவி, மகரந்தத்திலும் பூந்தேனிலும் கலந்துவிடுவன.

பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் 600க்கும் மேற்பட்ட தேனீக்களின் முதுகில் நுண்ணிய மின்னணு அடையாளம் ஒட்டினர். ஒரு பகுதிக்குக் கொல்லாத அளவில் தயாமீத்தாக்சம் ஊட்டிப் பறக்கவிட்டனர். நஞ்சுண்டவற்றுள் கூடு திரும்பாதவை மிகுதி என 2012ஆம் ஆண்டு வெளியான அவ்வாய்வு காட்டியது. வழிதவறிய தேனீ, கூட்டைப் பொறுத்தவரை இறந்த தேனீயே. பிணம் கண்ணுக்குத் தென்படவில்லை என்பதனால் நஞ்சு குற்றமற்றதாகிவிடுமா?

‘நஞ்சுள்ள பூவைத் தேனீ தானே விலக்கும்’ என்பர் சிலர். 2015ஆம் ஆண்டு வெளியான ஆய்வு அதையும் பொய்யாக்கிற்று. தேனீயின் சுவை நரம்புகள் இந்நஞ்சுகளை உணர்வதில்லை. இமிடாகுளோப்ரிட், தயாமீத்தாக்சம் கலந்த சர்க்கரைக் கரைசலையே அவை மிகுதியாக உண்டன. ‘கூட்டை அழிப்பது வர்ரோவா உண்ணியே’ என்பர் வேறு சிலர். உண்ணி கொடியதே, ஆயினும் ஒரு பகைவன் கொடியவன் என்பது மற்றொரு பகைவனுக்கு நற்சான்று ஆகாது.

சூரியகாந்தி விதையில் இமிடாகுளோப்ரிட் பூசுவதைப் பிரான்சு 1999ஆம் ஆண்டே நிறுத்தி வைத்தது. 2008ஆம் ஆண்டு செருமனியில் மக்காச்சோள விதைப்பின்போது குளோத்தியானிடின் தூள் காற்றில் பரவி, 11,000க்கும் மேற்பட்ட தேனீக் கூட்டங்களைப் பாழாக்கிற்று. ஐரோப்பிய ஒன்றியமோ 2013ஆம் ஆண்டு இம்மூன்று நஞ்சுகளுக்கும் கட்டுப்பாடு விதித்து, 2018ஆம் ஆண்டே திறந்தவெளிப் பயன்பாட்டை முற்றாகத் தடுத்தது. இத்தனைத் தாமதம் ஏன்? சோதிக்கப்படும் தேனீக்களுள் பாதியைக் கொல்லும் அளவு எது என்பதே நெடுங்காலம் முதன்மை அளவுகோலாக இருந்தது. சாவை எண்ணிய அளவுகோல், புலனிழப்பை எண்ணவில்லை.

இனி எந்தப் பூச்சிக்கொல்லிக்கும் உரிமம் வழங்குமுன், அது தேனீயின் மணமறிவையும் வழியறிவையும் நினைவாற்றலையும் கெடுப்பதில்லை என விற்போரே மெய்ப்பித்தல் வேண்டும். தமிழாசிரியர்க்கும் ஒரு கடமை உண்டு. ‘பூச்சிமருந்து’ என்று வழங்கி நம் நா பழகிவிட்டது. நோய் தீர்ப்பதே மருந்து. இஃது உயிர் கெடுப்பது. வகுப்பறையிலேனும் நஞ்சை நஞ்சென்றே சொல்வோம்.