வேலியோரச் செடியும் அயலவர் உரிமையும்

 

வளவின் ஓரத்தில் எக்காலமும் பசுமையாய் நிற்கும் செடிகள் வீட்டுக்கு அழகு. தெருப் பார்வைக்கு மறைப்பு. ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதனோ பறவையோ மிருகமோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாகும் என்ற கருத்தில் அனஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு.

செவ்வரத்தை, குரோட்டன், மருதோன்றி மூன்றும் நம் மண்ணில் எளிதில் வளர்பவை. பென்சில் பருமனான முற்றிய தண்டை ஒரு சாண் நீளத்தில் வெட்டி, மழை தொடங்கும்போது 2 அடிக்கு ஒன்றாக நடுங்கள். வேர் பிடிக்கும்வரை மண் காயக் கூடாது. துளிர்த்தபின் நுனியைக் கிள்ளிவிட்டால் அடியிலிருந்தே கிளைத்து அடர்த்தியாகும். மருதோன்றிக்கு நல்ல வெயில் தேவை. அலரி மட்டும் வேண்டாம். அதன் இலையும் விதையும் நஞ்சு, சிறுவர் விளையாடும் வளவுக்கு ஆகாது. செடிகளின் அடியில் சிரட்டை, யோகட் கோப்பை கிடக்கவும் விடாதீர்கள். தேங்கும் நீரில் டெங்கு நுளம்பு பெருகும்.

இனி முக்கியமான விடயம். சில வருடங்களுக்கு முன் நான் எல்லைக் கோட்டிலேயே செவ்வரத்தை நட்டேன். அது செழித்து அயல் வளவுக்குள் ஒன்றரை அடி சாய்ந்தது. அவர்கள் எதுவும் சொல்லவில்லை. உடுப்புக் காயப்போடும் கொடியைத் தள்ளிக் கட்டிக்கொண்டார்கள். அந்தக் கொடியைக் கண்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்றே வெட்டி ஒதுக்கிவிட்டு, சென்று மன்னிப்புக் கேட்டேன்.

ஸயீத் இப்னு ஸைத் (ரழி) அவர்கள் தன் காணியில் சிறிது எடுத்துக்கொண்டார் என ஒரு பெண் மர்வானிடம் முறையிட்டாள். அநியாயமாக ஒரு சாண் நிலம் எடுத்தவரின் கழுத்தில் ஏழு பூமிகள் மாலையாக இடப்படும் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததைக் கேட்ட பின்னுமா எடுப்பேன் என்று கூறி, அவர் அந்நிலத்தையே அவளுக்கு விட்டுக்கொடுத்தார். வேலி நகர்த்துவதற்கு நாம் அஞ்சுகின்றோம். செடி நகர்வதைக் கவனிப்பதில்லை.

ஆகவே எல்லையிலிருந்து 2 அடி உள்ளே நடுங்கள். நடுமுன் அயல்வீட்டாருக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். பாதையில் நீளும் கிளையையும் வெட்டிவிடுங்கள். பெருநாளைக்கு மருதோன்றி பறிக்கும்போது ஒரு கைப்பிடி வேலிக்கு அப்பாலும் போகட்டும்.

அயலவர் உரிமை பேணி வாழ அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.