நல்ல டாக்டராக இருந்தால் மட்டும் போதுமா?

பிரிட்டனில் வாழும் தமிழர்களில் என்.எச்.எஸ்ஸோடு தொடர்பே இல்லாத குடும்பத்தைப் பார்ப்பது கஷ்டம். ஒரு வீட்டில் ஜிபி, பக்கத்து வீட்டில் நர்ஸ், அதற்கடுத்த வீட்டில் மெடிசின் சீட்டுக்காக யூகேட் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை. வீட்டில் யாரும் அந்தத் துறையில் இல்லாவிட்டாலும், வயதான அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு போய் அவசரப் பிரிவில் மணிக்கணக்கில் உட்கார்ந்த அனுபவமாவது இருக்கும். எனவே அந்த மருத்துவமனைகளில் முடிவெடுப்பது யார், எப்படி எடுக்கிறார்கள் என்பது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் அல்ல.

நோயாளியை நேரில் பார்க்கிற டாக்டர், நர்ஸ், பிசியோ, மருந்தாளுநர் ஆகியோரில் ஒரு பகுதியினராவது மருத்துவமனையின் போக்கையே தீர்மானிக்கும் தலைமைக்குத் தயாராக வேண்டும் என்பது என் கருத்து. "அனுபவம் வந்தா தானா வந்துடும்" என்று விட்டுவிட்டால் அது வராது. அதற்கென்று நேரமும் பயிற்சியும் வேண்டும்.

தலைமை என்றதும் பலருக்கு வார்டு ரவுண்டில் முன்னால் நடக்கும் கன்சல்டன்ட்தான் நினைவுக்கு வருவார். அதுவும் தலைமைதான், ஆனால் நான் சொல்வது வேறு. படுக்கையில் இருக்கும் ஒரு நோயாளிக்கு இப்போது என்ன செய்வது என்பது மருத்துவ முடிவு. இந்த ஊரில் முதியோர் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது, ஐந்து வருடம் கழித்து நமக்கு எத்தனை படுக்கை, எந்த வகை ஊழியர், எந்தக் கருவி வேண்டும், அதற்காக இன்று எதை நிறுத்த வேண்டும் என்பது தொலைநோக்கு முடிவு. இரண்டாவதற்குப் பட்ஜெட் படிக்கத் தெரிய வேண்டும். தரவு பார்க்கத் தெரிய வேண்டும். தனக்குக் கீழே வேலை செய்யாதவர்களையும் பேசிச் சம்மதிக்க வைக்கத் தெரிய வேண்டும். மருத்துவக் கல்லூரியில் ஐந்தாறு வருடம் படித்தாலும் இவற்றுக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு.

அவசரப் பிரிவையே எடுத்துக்கொள்வோம். நான்கு மணி நேரத்துக்குள் நோயாளியைப் பார்த்து அனுப்பவோ அட்மிட் செய்யவோ வேண்டும் என்பது இங்கிலாந்தில் இருக்கும் இலக்கு. கூட்டம் வழிந்தால், "இங்கே இன்னும் நாலு டாக்டரைப் போடுங்க" என்று கேட்பது இயல்பு. ஆனால் நெரிசலுக்குக் காரணம் பல நேரம் அந்த அறையில் இருப்பதில்லை. மேல் மாடி வார்டில் உடம்பு தேறிய பெரியவர், வீட்டில் பார்த்துக்கொள்ள ஏற்பாடு ஆகாததால் படுக்கையிலேயே கிடக்கிறார். அவர் போனால்தான் கீழே டிராலியில் இருப்பவருக்கு இடம். எங்கள் ஐடி தொழிலில் இதை பாட்டில்நெக் என்போம். அடைப்பு ஓரிடத்தில் இருக்க, வேறிடத்தில் ஆளைக் கூட்டிப் பயனில்லை. அடைப்பு எங்கே என்று கண்டுபிடித்து, நகராட்சியின் சமூகப் பராமரிப்புத் துறை வரை போய்ப் பேசித் தீர்ப்பவர்தான் நான் சொல்லும் தலைவர்.

இந்தப் பேச்சு இங்கே புதிதல்ல. 1983-ல் சைன்ஸ்பரீஸ் சூப்பர்மார்க்கெட்டை நடத்திய ராய் கிரிஃபித்ஸை அழைத்து, என்.எச்.எஸ் நிர்வாகத்தைப் பார்த்துச் சொல்லுமாறு தாட்சர் அரசு கேட்டது. இங்கே பொறுப்பு யாரிடம் என்றே தெரியவில்லை என்பதுதான் அவர் கண்டது. பொது மேலாளர்களை நியமிக்கச் சொன்னார். டாக்டர்களும் நிர்வாகத்துக்குள், பட்ஜெட் பொறுப்புக்குள் வர வேண்டும் என்றும் சொன்னார். முதல் பாதி வேகமாக நடந்தது, இரண்டாம் பாதி அரைகுறையாகவே நின்றது. மேலாளர்கள் ஒரு பக்கம், டாக்டர்கள் ஒரு பக்கம் என்ற பிளவு அதன் பிறகு ஊன்றிப்போனது. நிர்வாகப் பொறுப்பு ஏற்ற டாக்டரை "இருண்ட பக்கத்துக்குப் போயிட்டார்" என்று சக டாக்டர்கள் கேலி செய்வது இன்றும் உண்டு.

அந்தப் பிளவுக்கு விலை கொடுத்தவர்கள் நோயாளிகள். ஸ்டாஃபோர்டு மருத்துவமனையில் 2005-க்கும் 2009-க்கும் இடையே நடந்தது எல்லோரும் அறிந்தது. குடிக்கத் தண்ணீர் எட்டாமல், அழுக்கான படுக்கையில் முதியவர்கள் கிடந்தார்கள். அந்த நேரத்தில் நிர்வாகத்தின் கவனம் நிதி இலக்கிலும் 'ஃபவுண்டேஷன் ட்ரஸ்ட்' அந்தஸ்து பெறுவதிலும் இருந்தது. 2013-ல் வந்த ராபர்ட் பிரான்சிஸ் அறிக்கை 290 பரிந்துரைகளைச் செய்தது. கன்சல்டன்ட்கள் நிர்வாகத்திலிருந்து ஒதுங்கியே இருந்தார்கள், மாற்றத்துக்கு முன்னால் நிற்கவில்லை என்பதும் அதில் பதிவானது. கெட்ட எண்ணம் கொண்டவர்கள் நடத்திய மருத்துவமனை என்று அதைத் தள்ளிவிட முடியாது. வார்டில் நடப்பதைக் கண்ணால் பார்த்தவர்களின் குரல், முடிவெடுக்கும் மேசைக்குப் போய்ச் சேரவில்லை.

என் துறையிலிருந்தும் ஒரு உதாரணம். 2002-ல் இங்கிலாந்து முழுவதுக்கும் ஒரே மின்னணு மருத்துவப் பதிவு என்ற கனவோடு தேசிய ஐடி திட்டம் தொடங்கியது. சுமார் 1,200 கோடி பவுண்டு ஆகும் என்று கணக்கிடப்பட்ட திட்டம் அது. 2011-ல் அதைக் கலைப்பதாக அரசே அறிவித்தது. காரணங்கள் பல. முக்கியமான ஒன்று, மேலே இருந்து ஒப்பந்தம் போட்டுக் கீழே இறக்கினார்களே தவிர, அதைப் பயன்படுத்தப் போகும் டாக்டர்களையும் நர்ஸ்களையும் ஆரம்பத்திலேயே சேர்த்துக்கொள்ளவில்லை. பிறகு அமெரிக்க டாக்டர் ராபர்ட் வாக்டர் தலைமையில் ஒரு குழு ஆராய்ந்து 2016-ல் அறிக்கை தந்தது. மருத்துவமும் தெரிந்து தகவல் தொழில்நுட்பமும் தெரிந்தவர்களை ஒவ்வொரு ட்ரஸ்டிலும் அதிகாரத்தோடு வைக்க வேண்டும் என்று அது வலியுறுத்தியது. அதைத் தொடர்ந்துதான் என்.எச்.எஸ் டிஜிட்டல் அகாடமி உருவானது.

மருத்துவமனை மென்பொருள் வேலையில் இதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு இடத்தில் லாகின் ஆகவே நேரம் பிடிக்கும் ஒரு சிஸ்டத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். வார்டில் அத்தனை பேரும் ஒரே ஆளின் கார்டைப் போட்டு வேலை பார்த்தார்கள். எந்த மருந்தை யார் கொடுத்தார் என்ற பதிவே அர்த்தமில்லாமல் போனது. இன்னொரு இடத்தில் ஒரு வார்டு சிஸ்டருக்கு வாரம் இரண்டு நாள் ஷிஃப்டிலிருந்து விடுவிப்புக் கொடுத்து, "இந்தத் திரை வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரமும் கொடுத்திருந்தார்கள். எங்கள் டிசைனில் பாதியை அவர் அடித்துத் திருத்தினார். ஆரம்பித்த முதல் வாரத்திலிருந்தே அந்த சிஸ்டம் ஓடியது. இரண்டு இடத்திலும் புரோகிராம் எழுதியவர்களின் திறமை ஒன்றுதான்.

அப்படியானால் டாக்டரைத் தலைவராக்கினால் எல்லாம் சரியாகிவிடுமா? அமண்டா குடால் என்ற ஆய்வாளர் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் முன்னணி மருத்துவமனைகளில் டாக்டர்கள் தலைமை தாங்கியவை தர மதிப்பெண்ணில் ஏறக்குறைய 25 சதவீதம் மேலே இருந்தன. ஆனால் நல்ல மருத்துவமனைகளைத் தேடி நல்ல டாக்டர் தலைவர்கள் போயிருக்கவும் கூடும். அந்த ஆய்வு காட்டுவது தொடர்பை மட்டுமே.

எதிர் உதாரணமும் இருக்கிறது. பிரிஸ்டலில் 1980-களிலும் 90-களின் முதல் பாதியிலும் குழந்தைகள் இதய அறுவை சிகிச்சையில் இறப்பு அதிகமாக இருந்தது. மயக்க மருந்து நிபுணர் ஸ்டீபன் போல்சின் திரும்பத் திரும்ப எச்சரித்தும் பலிக்கவில்லை. அப்போது அந்த மருத்துவமனையின் தலைமை நிர்வாகியே ஒரு டாக்டர்தான். பின்னாளில் அவர் பெயர் மருத்துவப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. டாக்டர் பட்டம் தானாகத் தலைமைத் தகுதி ஆகிவிடாது. கெட்ட செய்தி கொண்டுவருபவரைக் கேட்பது, தன் சகாவின் வேலையையே கேள்வி கேட்பது, எண்களை மறைக்காமல் பார்ப்பது எல்லாம் பழகிக் கற்க வேண்டியவை. அதனால்தான் நான் பதவியைவிடப் பயிற்சியை முன்னால் வைக்கிறேன்.

கற்றுக்கொண்டால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நம் மதுரையே சாட்சி. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற 58-வது வயதில், 1976-ல், 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கைதேர்ந்த அறுவை நிபுணர் அவர். ஆனாலும் 'நான் எத்தனை ஆபரேஷன் செய்வேன்' என்ற கணக்கோடு அவர் நிற்கவில்லை. ஒரு நிபுணர் நேரத்தை வீணாக்காமல் அடுத்தடுத்து அறுவை செய்ய அரங்கை எப்படி அமைப்பது, பணம் கட்டுபவரின் வருமானத்தில் கட்ட முடியாதவருக்கு எப்படிப் பார்ப்பது என்று ஒரு முழு ஏற்பாட்டையே யோசித்தார்கள். லென்ஸ் விலை தடையாக இருந்தபோது, 1992-ல் ஆரோலேப் மூலம் தாங்களே தயாரிக்கத் தொடங்கினார்கள். இன்று மற்ற மருத்துவமனைகளுக்கு நிர்வாகப் பயிற்சி தரும் நிறுவனமும் அங்கே இருக்கிறது.

இனி நம் சமூகத்துக்கு வருகிறேன். 2023 கணக்குப்படி இங்கிலாந்து என்.எச்.எஸ் ஊழியர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் வெள்ளையர் அல்லாதவர். ட்ரஸ்ட் போர்டுகளில் ஏறக்குறைய ஆறில் ஒருவர்தான். பாகுபாடு இதில் பெரிய காரணம், அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. ஒரே நேர்காணல் பட்டியலில் இருந்தாலும் வெள்ளையருக்கே வேலை கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்று என்.எச்.எஸ்ஸின் சொந்தப் புள்ளிவிவரமே ஒவ்வொரு வருடமும் சொல்கிறது. அதை எதிர்த்துக் கேட்க வேண்டும். கூடவே நம் வீட்டுப் பேச்சையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். "கன்சல்டன்ட் ஆயிட்டியா, போதும். மீட்டிங், அரசியல் எல்லாம் நமக்கு எதுக்கு? தலையைக் குனிஞ்சு வேலையைப் பாரு" என்பது நம்மில் பலர் கேட்டு வளர்ந்த அறிவுரை. வந்த தலைமுறைக்கு விசா பயம் இருந்தது, அதற்கு அந்த அறிவுரை பொருந்தியிருக்கலாம். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கும் அதையே சொல்வது நியாயமா?

டாக்டர் பற்றாக்குறை இருக்கும்போது, காத்திருப்போர் பட்டியல் பல லட்சங்களில் நிற்கும்போது, அவர்களை மீட்டிங்கில் உட்காரவைப்பதா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் யாரும் நோயாளியைப் பார்ப்பதை விட்டுவிட வேண்டியதில்லை. அமெரிக்காவின் மயோ கிளினிக்கில் டாக்டர் தலைவரோடு ஒரு நிர்வாகியை ஜோடி சேர்த்துவிடுவார்கள். டாக்டர் தன் கிளினிக்கையும் பார்ப்பார், துறையையும் நடத்துவார். ஒரு கன்சல்டன்ட் வாரத்தில் அரை நாள் செலவழித்து டிஸ்சார்ஜ் தாமதத்தைக் குறைத்தால், அதனால் காலியாகும் படுக்கைகள் அந்த அரை நாளை ஈடுகட்டிவிடும்.

ட்ரஸ்டுகள் செய்ய வேண்டியது, இந்தப் பயிற்சிக்கு ரோட்டாவில் நேரம் ஒதுக்குவது. ஷிஃப்ட் முடிந்த பிறகு, சொந்த நேரத்தில் படி என்றால் வீட்டில் குழந்தை இருப்பவர்கள்தான் முதலில் விலகுவார்கள். வெளிநாட்டில் படித்து வந்த டாக்டர், நர்ஸ்களுக்குப் பதவி உயர்வுக்கு முன்பே மூத்தவர் ஒருவரின் வழிகாட்டுதல் கிடைக்க வேண்டும்.

நம்மவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். என்.எச்.எஸ் தலைமைத்துவ அகாடமியின் எட்வர்ட் ஜென்னர் பாடத்திட்டம் ஆன்லைனில் இலவசம். பயிற்சியில் இருக்கும் டாக்டர்களுக்கு ஒரு வருட கிளினிக்கல் ஃபெலோ திட்டம் இருக்கிறது. அதுவும் வேண்டாமென்றால், உங்கள் வார்டில் அன்றாடம் எரிச்சலூட்டும் ஒரு பிரச்சினையை எடுத்து, மூன்று மாதம் எண்ணிப் பார்த்து, மேலாளரிடம் தீர்வோடு போங்கள். போர்டு மேசைக்குப் போகிற பாதை பெரும்பாலும் அப்படித்தான் தொடங்குகிறது. ஊர்ச் சங்கங்களும் தமிழ்ப் பள்ளிகளும் மெடிசின் சீட்டு வாங்கிய பிள்ளைக்கு மாலை போடுவதோடு நிறுத்தாமல், ஒரு மருத்துவ இயக்குநரையோ தலைமை நர்ஸையோ அழைத்து அந்தப் பிள்ளைகளோடு பேச வைக்கலாம்.

மருத்துவமனைகளை இரவு பகலாக ஓட்டுகிறவர்களில் நம் ஆட்கள் நிறைய. அவை எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று சொல்லும் இடத்திலும் அவர்கள் இருந்தால், டிராலியில் காத்திருக்கும் நம் அம்மாவுக்கு மட்டுமல்ல, பக்கத்து டிராலியில் இருக்கும் எவருக்கும் அது நல்லதுதான்.