கைக்கணினிக்கும் உண்டு ஒரு கவர்னர்



அவிநாசிப் பகுதியிலிருந்து ஒரு தாயார் எழுதியுள்ள மடல் நம் பங்குகளில் உள்ள பல இல்லங்களுக்கும் பொருந்துமாதலால், இம்மாதம் அதனையே எடுத்துக்கொள்கிறோம். 2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, மகளின் இணையவழி வகுப்புக்கென்று தறிக்கூலியில் மிச்சம் பிடித்து ஒரு டேப்லெட் வாங்கினாராம். இப்பொழுது அதனை இளைய மகன் வைத்துப் படிக்கிறான். பாடக் காணொளி திக்கித் திக்கி ஓடுகிறது. சிறிது நேரத்தில் கையில் பிடிக்க இயலாதவாறு சுடுகிறது. கல்லூரியில் பயிலும் உறவினர் பிள்ளை ஒருவன், "கம்பெனி மென்பொருளை எடுத்துவிட்டுக் கஸ்டம் ரோம் ஏற்றி, ப்ராசசரைப் பெர்ஃபார்மன்ஸ் மோடில் போட்டுவிட்டால் புதிது போல் ஓடும்" என்கிறானாம். அவன் சொற்படி செய்யலாமா, கடன்பட்டுப் புதியது வாங்குவதா என்பது அத்தாயாரின் வினா. (இங்கே 'ரோம்' என்பது கருவியினுள் பதிந்துள்ள அடிப்படை மென்பொருளைக் குறிக்கும். உரோமை நகருக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.)

டேப்லெட்டின் மூளையாகிய ப்ராசசர் எந்நேரமும் ஒரே வேகத்தில் ஓடுவதன்று. எப்பொழுது விரைவது, எப்பொழுது தணிவது என்று தீர்மானிக்கும் பகுதிக்கு 'கவர்னர்' என்று பெயர். இச்சொல் கொங்கு நாட்டாருக்குப் புதிதன்று. கிணற்று மேட்டில் ஆயில் இன்ஜின் ஓடிய காலத்தை அறிந்த பெரியவர்களைக் கேளுங்கள். பாரம் கூடும்போது எண்ணெயைக் கூட்டியும், பாரம் குறையும்போது குறைத்தும், இன்ஜின் தறிகெட்டு ஓடாமல் காத்த உறுப்பே கவர்னர். 1788-இல் ஜேம்ஸ் வாட் தம் நீராவி இயந்திரத்தில் பொருத்திய சுழல் குண்டுகள் அதன் முன்னோடி. அங்கே வேகத்தை ஒரே நிலையில் நிறுத்துவது நோக்கம். டேப்லெட்டிலோ வேலைக்கேற்ப வேகத்தை மாற்றுவது நோக்கம். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

ஆண்டிராய்டு கருவிகளின் அடித்தளம் லினக்ஸ். அதில் கவர்னர்கள் பல உண்டு. 'பெர்ஃபார்மன்ஸ்' என்பது வேகத்தை எப்பொழுதும் உச்சத்திலேயே நிறுத்தும். 'பவர்சேவ்' எப்பொழுதும் அடிமட்டத்தில் நிறுத்தும். 'ஆன்டிமாண்ட்' என்பது வேலை மிகுந்தவுடன் பாய்ந்தேறி, வேலை ஓய்ந்ததும் இறங்கும். அதனை விளக்கி வெங்கடேஷ் பல்லிபாடி என்பவர் தம் தோழர் ஒருவருடன் 2006-இல் ஒட்டாவா லினக்ஸ் மாநாட்டில் கட்டுரை அளித்தார். 2016-இல் லினக்ஸில் சேர்ந்த 'ஸ்கெட்யூட்டில்', எந்த வேலை ப்ராசசரை எவ்வளவு பயன்படுத்துகிறது என்னும் கணக்கை உள்ளிருந்தே அறிந்து வேகத்தை மாற்றுகிறது.

இனி மின்சாரக் கணக்கிற்கு வருவோம்; வினாவின் விடை இதில்தான் இருக்கிறது. ப்ராசசர் உண்ணும் மின்திறன் அதன் வேகத்தை மட்டும் பொறுத்ததன்று. மின்னழுத்தத்தின் இருமடியையும் பொறுத்தது. வேகம் கூட வேண்டுமாயின் அழுத்தமும் கூட வேண்டும். வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்து, அதனால் அழுத்தமும் பத்தில் ஒரு பங்கு குறைவதாகக் கொள்ளுங்கள். 0.8-ஐ 0.9-ஆல் இருமுறை பெருக்கினால் ஏறத்தாழ 0.65 வரும். வேகத்தில் விட்டது 20 விழுக்காடு. மின்சாரத்தில் மிஞ்சியது 35 விழுக்காடு!

பம்ப் செய்து பிழைக்கும் கோயம்புத்தூரில் இது எவருக்கும் வியப்பளிக்காது. சுழல் பம்பின் வேகத்தைப் பாதியாக்கினால் அது இழுக்கும் திறன் எட்டில் ஒரு பங்காகும் என்பது பட்டறைப் பிள்ளைகளும் அறிந்த விதி. ஆயினும் ஆழ்குழாய்க் கிணற்றில் அவ்வாறு செய்து பாருங்கள். பம்ப் சுழலும், மீட்டர் ஓடும், நீர் மட்டும் மேலே வராது. ப்ராசசரிலும் அத்தகைய ஓர் எல்லை உண்டு. அழுத்தத்தை ஓரளவிற்குக் கீழே இறக்க இயலாது. அதற்குப் பின்னும் வேகத்தைக் குறைத்தால் வேலை நீளும், திரையும் மற்ற உறுப்புகளும் அதுவரை மின்சாரம் உண்டுகொண்டே இருக்கும். ஆகையால் 'பவர்சேவ்' என்ற பெயரைக் கண்டு மயங்க வேண்டா. சில வேலைகளை விரைந்து முடித்துவிட்டு உறங்குவதே சிக்கனம்.

அந்தத் தாயாரின் டேப்லெட் ஏற்கெனவே சுடுகிறது. அளவு மீறிச் சூடேறினால் ப்ராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காணொளி சிறிது நேரம் ஒழுங்காக ஓடிய பின்னரே திக்குமாயின், காரணம் பெரும்பாலும் இதுவே. அதனைப் பெர்ஃபார்மன்ஸில் நிறுத்துவது காய்ச்சல்காரனுக்குக் கம்பளி போர்த்துவதற்கு ஒப்பாகும். ஈரோடு, கரூர்ப் பக்கத்துச் சித்திரை வெயிலில், ஓட்டு வீட்டினுள், மின்னேற்றிக்கொண்டே காணொளி பார்ப்பது பேட்டரியின் ஆயுளை உறிஞ்சிவிடும். லித்தியம் பேட்டரிகளுள் பெரும்பாலானவற்றை 45 பாகைச் செல்சியஸுக்கு மேல் மின்னேற்றலாகாது. பின்மூடி புடைத்திருக்கிறதா, திரை தூக்கியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருப்பின், எந்தக் கவர்னரும் உதவாது. மின்னேற்றுவதை உடனே நிறுத்திவிட்டு, பேட்டரியைக் குத்தாமல் அழுத்தாமல் பழுது பார்ப்பவரிடம் கொண்டு செல்லுங்கள்.

கஸ்டம் ரோம் ஏற்றுவது தகாத செயல் என்று நாம் கூறவில்லை. 2009-இல் ஸ்டீவ் கோண்டிக் தொடங்கிய சயனோஜென்மாட் 2016 இறுதியில் நின்றபின், அதன் வழிவந்த லினியேஜ் ஓஎஸ் தொண்டர்களால் இன்றும் நடத்தப்படுகிறது. நிறுவனம் கைவிட்ட பல கருவிகளுக்கு அது பாதுகாப்புத் திருத்தங்களை அளித்து வாழ்வை நீட்டித்திருக்கிறது. ஆனால் அந்தக் குறிப்பிட்ட மாடலுக்கென்றே அமைந்த மென்பொருள் இருத்தல் வேண்டும். வேறொன்றின் மென்பொருளை ஏற்றினால் டேப்லெட் வெறும் பலகையாகிவிடக்கூடும். அன்றியும், பூட்டை அவிழ்க்கும்போதே உள்ளிருப்பவை யாவும் அழிந்துபோகும். முதல் திருவிருந்து நிழற்படங்களும் அதில் அடங்கும். பின்னர் சில வங்கிச் செயலிகள் இயங்க மறுக்கலாம். கூலிப்பணம் அந்தக் கருவியின் வழியாகவே வருமாயின், இதனை முன்கூட்டி எண்ண வேண்டும்.

மற்றொன்று. பழைய டேப்லெட் தயங்குவதற்குப் ப்ராசசரே எப்பொழுதும் குற்றவாளி அன்று. இரண்டு ஜிபி நினைவகமும் நிரம்பி வழியும் சேமிப்பிடமும் உள்ள கருவியில் எந்த மோடு வைத்தும் பயனில்லை. முதலில் காணொளிகளையும் விளையாட்டுகளையும் வேறிடத்துக்கு மாற்றி, சேமிப்பிடத்தில் கால் பங்காவது காலியாக்குங்கள். பாடக் காணொளியின் தெளிவை 480-க்குக் குறைத்து வையுங்கள். கரும்பலகை எழுத்து அதிலேயே பெரும்பாலும் நன்கு தெரியும்.

அதற்குப் பின்னும் உறவினர் பிள்ளை தன் திறமையைக் காட்ட விரும்பினால், காட்டட்டும். படங்களைப் பிரதி எடுத்த பிறகு! கவர்னரை ஸ்கெட்யூட்டிலிலோ, பழைய கருவியாயின் 'இன்டராக்டிவ்' என்பதிலோ விட்டுவிட்டு, உச்ச வேகத்தை மட்டும் ஒரு படி கீழே இறக்கச் சொல்லுங்கள். இறக்குவதற்கு முன் ஒரு நாளும் பின் ஒரு நாளும், திரை ஒளியை மாற்றாமல், அதே காணொளியை ஒரு மணி நேரம் ஓட்டி, பேட்டரி எத்தனை விழுக்காடு இறங்கியது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அத்தாளை நமக்கும் அனுப்பி வைத்தால், அடுத்த இதழில் அதைப் பற்றி எழுதுவோம்.