பிறர் வழக்கைச் சுமப்போரின் சொந்தச் சுமை



நோயாளி மருத்துவரிடம் தன் உடலைக் காட்டுகிறான். வழக்காளியோ வழக்குரைஞரிடம் தன் வீட்டையே திறந்து காட்டுகிறான். உடன்பிறந்தார் சண்டை, முறிந்துபோன திருமணம், மூழ்கிப்போன வணிகம், கொலைப்பழி என்று ஊரார் துன்பங்கள் அனைத்தும் அவர் செவியில் வந்து சேர்கின்றன. சொல்லிவிட்டவர் நெஞ்சு இலேசாகி வீடு திரும்புகிறார். கேட்டவர் அச்சுமையை எங்கே இறக்கி வைப்பார்? பிறர் இரகசியங்களைக் காப்பதே தொழிலாகக் கொண்டவர், தம் இரகசியத்தை ஒருவரிடமும் சொல்ல இயலாமல் தவிப்பதுண்டு. அத்தவிப்பு சிலரைக் குடிக்கு அடிமையாக்குகிறது; சிலரை மனச்சோர்வு நோயில் ஆழ்த்துகிறது. அதன் அடையாளங்களை உடனிருப்போர் காலத்தே கண்டறிய வேண்டும் என்பதற்காகவே இம்மாதம் இதனை எழுதுகிறோம்.

இதனை ஊன்றி ஆராய்ந்துள்ள நாடு அமெரிக்கா. ஆதலின் அந்நாட்டுச் செய்திகளையே முதற்கண் எடுத்துக்கொள்வோம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-இல் 104 தொழில்களை ஒப்பிட்டு நோக்கினர். அவற்றுள் மனச்சோர்வு நோயில் முன்னணியில் நின்றது வழக்குரைஞர் தொழிலே. ஏனையோரைக் காட்டிலும் மூன்று மடங்குக்கும் மேலாக அந்நோய் அவர்களிடம் காணப்பட்டது. பின்னர், அமெரிக்க வழக்குரைஞர் சங்கமும் ஹேசல்டன் பெட்டி ஃபோர்டு நிறுவனமும் இணைந்து நடத்திய ஆய்வு 2016-இல் வெளிவந்தது. 12,825 வழக்குரைஞர்கள் பங்குகொண்ட அவ்வாய்வில், ஐவருள் ஒருவருக்கும் சற்று அதிகமானோரிடம் (20.6 விழுக்காடு) கேடு விளைவிக்கும் குடிப்பழக்கம் காணப்பட்டது. 28 விழுக்காட்டினர் மனச்சோர்வின் அறிகுறிகளையும், 19 விழுக்காட்டினர் ஓயாத மனக்கலக்கத்தின் அறிகுறிகளையும் கொண்டிருந்தனர். மிகுதியான குடி முதியவர்களிடமன்று, தொழிலுக்கு வந்து பத்தாண்டுகளும் நிறையாத இளையோரிடமே காணப்பட்டது என்பது நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

ஏன் இந்நிலை? அத்தொழிலின் இயல்பே ஒரு காரணம். நல்ல வழக்குரைஞர் எதிலும் தீங்கையே முதலில் காணப் பழகியவர். ஓர் ஒப்பந்தத்தைப் படித்தால் அது எங்கே முறியும், யார் ஏமாற்றுவார் என்றே பார்க்கிறார். இப்பார்வை கட்சிக்காரரைக் காக்கிறது. ஆனால் அதே பார்வையோடு வீட்டுக்குள் நுழைபவருக்கு மகிழ்ச்சி எட்டாக்கனியாகிவிடுகிறது. உளவியல் அறிஞர் மார்ட்டின் செலிக்மன் இதனை நன்கு விளக்கியுள்ளார். மேலும், அங்குள்ள பெரிய சட்ட நிறுவனங்களில் ஒரு மணி நேரத்தைப் பத்தாகப் பகுத்து, ஆறு ஆறு நிமிடங்களாகக் கணக்கெழுதிக் கூலி பெறுகின்றனர். ஓய்வெடுத்த நிமிடம் இழந்த நிமிடமாகத் தோன்றும் வாழ்வில் உறக்கம் குறைகிறது, உறவு தேய்கிறது, மாலைக் கோப்பை மட்டுமே துணையாகி நிற்கிறது.

இனி அடையாளங்களைக் காண்போம். குடும்பத்தில்தான் அவை முதலில் தலைகாட்டும். நீதிமன்றத்தில் கடைசியாகவே தெரியும். ஏனெனில் கருப்பு அங்கியையும் பேச்சுத் திறமையையும் கொண்டு நெடுநாள் மறைத்துவிடலாம். முன்பு ஒரு கோப்பையோடு நின்றவருக்கு இப்போது மூன்று வேண்டியிருக்கிறது. புத்தக அலமாரியின் பின்னே புட்டிகள் ஒளித்து வைக்கப்படுகின்றன. காலையில் கை நடுங்குகிறது. திங்கட்கிழமைகளில் காரணமின்றி விடுப்பு எடுக்கிறார். அலுவலகத்திலோ, கடிதங்கள் பிரிக்கப்படாமல் கிடக்கின்றன; கட்சிக்காரரின் அழைப்புகளுக்குப் பதில் இல்லை; மனுவைத் தாக்கல் செய்யவேண்டிய கெடு தவறுகிறது; மீண்டும் மீண்டும் வாய்தா கேட்கிறார். கட்சிக்காரர் நம்பி ஒப்படைத்த பணத்தில் கைவைக்கத் துணிந்தால், நோய் முற்றிவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

அமெரிக்க மருத்துவர் ஜான் யூயிங் வகுத்த எளிய சோதனை ஒன்று உண்டு. 1984-இல் மருத்துவ ஏட்டில் வெளிவந்த அதில் நான்கே வினாக்கள் உள்ளன. குடியைக் குறைக்க வேண்டும் என்று எப்போதேனும் எண்ணியதுண்டா? குடியைப் பற்றிப் பிறர் குறைகூறியபோது எரிச்சல் கொண்டதுண்டா? குடித்ததற்காகக் குற்ற உணர்வு அடைந்ததுண்டா? நடுக்கம் தீரவோ மயக்கம் தெளியவோ காலை எழுந்தவுடன் குடித்ததுண்டா? இவற்றுள் இரண்டுக்கேனும் 'ஆம்' என்ற விடை வருமாயின் மருத்துவரை நாடுவதே அறிவுடைமை.

மனச்சோர்வு நோய் இன்னும் ஓசையின்றி வரும். துக்கம் எல்லார்க்கும் உண்டு. அது நோய் ஆகாது. ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேலாக, நாள்தோறும், பெரும்பொழுதும் மனம் இருண்டு கிடந்தாலோ, முன்பு விரும்பிய எதிலும் நாட்டம் அற்றுப்போனாலோ கவனம் வேண்டும். அவற்றோடு உறக்கமின்மை அல்லது மிகுதியான உறக்கம், உணவில் வெறுப்பு, தீராத அசதி, மனத்தை ஒருமுகப்படுத்த இயலாமை, தான் எதற்கும் பயனற்றவன் என்ற எண்ணம் ஆகியனவும் சேருமாயின் அது சோம்பலன்று, நோய். முன்பு ஒரு மணியில் எழுதிய மனுவை எழுத மூன்று நாள் மேசைமுன் வெறித்து அமர்ந்திருப்பவரைச் 'சோம்பேறி' என்று கடிந்துகொள்வது, கால் முறிந்தவனை ஓடச் சொல்வதை ஒக்கும். வாழ்வதில் பயனில்லை என்று அவர் பேசினாலோ, திடீரென்று கணக்குகளை முடித்து உடைமைகளைப் பகிர்ந்தளிக்கத் தொடங்கினாலோ ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

ஆபிரகாம் லிங்கன் குடியரசுத் தலைவராகுமுன் இல்லினாய் மாநிலத்தில் வழக்குரைஞராக இருந்தார் என்பதை யாவரும் அறிவர். கொடிய மனச்சோர்வு அவரைப் பலமுறை வாட்டியது என்பதைப் பலர் அறியார். 1841 ஜனவரியில் தம் துன்பத்தின் ஆழத்தை அவர் தம் தொழிற்கூட்டாளி ஜான் ஸ்டூவர்ட்டுக்கு மறைக்காமல் எழுதினார். வாய்திறந்து சொன்னதும், உற்ற நண்பர்கள் அவரைத் தனியே விடாமல் காத்ததும் அவருக்குத் துணை நின்றன. அடுத்த ஆண்டு, 1842 பிப்ரவரி 22 அன்று, ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் மதுவிலக்குச் சங்கத்தார் முன் அவர் உரையாற்றினார். குடிகாரரைத் தூற்றுவதால் பயனில்லை, நட்போடு அணுகுவதே அவர் நெஞ்சைத் திறக்கும் என்பது அவ்வுரையின் சாரம். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கடந்தும் இதனினும் நல்ல வழியை யாரும் கண்டுவிடவில்லை.

உதவி கிடைக்கும் இடம் இருந்தும் நாடாததற்குக் காரணம் என்ன? 2016-ஆம் ஆண்டு ஆய்வில் அவர்களே அதற்கு விடை கூறினர். பிறருக்குத் தெரிந்துவிடுமே என்ற அச்சமும், இரகசியம் காக்கப்படாதோ என்ற ஐயமுமே தலையாய தடைகள். இதனையுணர்ந்து அமெரிக்க மாநிலங்கள் வழக்குரைஞருக்கென்றே உதவித் திட்டங்களை நடத்தி வருகின்றன. அங்கே சொல்லப்படுவது ஒழுங்கு நடவடிக்கைக்குச் செல்லாதவாறு விதிகள் காக்கின்றன. குடியிலிருந்து மீண்ட வழக்குரைஞரே அங்கே புதியவருக்குக் கைகொடுக்கிறார். வழக்குரைஞராகப் பதிவு செய்வோரிடம் மனநோய் வரலாற்றைத் துருவும் வினாவை நியூயார்க் மாநிலம் 2020-இல் நீக்கியது. நோயை மறைத்தால்தான் தொழில் நிலைக்கும் என்ற நிலை மாறினால்தான் நோயாளி வாய்திறப்பார்.

அன்பர்களே, நம் குடும்பங்களிலும் வழக்குரைஞர்கள் உள்ளனர். மேற்கண்ட அடையாளங்களைக் கண்டால் செய்யவேண்டியவை சிலவற்றைக் கூறி முடிக்கிறோம். போதையில் இருக்கும்போது பேசாதீர்கள். தெளிந்த வேளையில், தனிமையில், கண்டதை மட்டும் சொல்லுங்கள். 'நீங்கள் குடிகாரர்' என்று தீர்ப்புரைத்தால் அவர் எதிர்வாதம் தொடங்கிவிடுவார். வாதத்தில் அவரை வெல்ல உங்களால் இயலாது. 'இம்மாதம் இருமுறை கெடு தவறியதே, இரவில் உறங்காமல் நடக்கிறீர்களே, எங்களுக்கு அச்சமாக இருக்கிறது' என்று சொன்னால் மறுக்க வழியிராது. அவருக்காகப் பொய் சொல்லி வாய்தா வாங்கித் தரவேண்டாம். அது நோய்க்குத் தீனி போடுவதாகும். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் மருத்துவர் துணையின்றித் திடீரென நிறுத்தினால் வலிப்பு கண்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே, அறையில் பூட்டி வைத்துத் திருத்த முயலாதீர்கள். சாகும் எண்ணம் உண்டா என்று நேரே கேட்கத் தயங்க வேண்டாம். கேட்பதால் அவ்வெண்ணம் பிறப்பதில்லை. மாறாக, அடக்கி வைத்ததைச் சொல்ல வழி பிறக்கிறது. இந்திய அரசு 2022-இல் தொடங்கிய 14416 என்ற தொலைபேசி எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே மனநல ஆலோசனை பெறலாம்.

எத்தனையோ பேருக்காக மன்றத்தில் எழுந்து நின்று பேசியவர், தமக்காகப் பேச நா எழாமல் வீட்டின் ஒரு மூலையில் அமர்ந்திருக்கக்கூடும். அவருக்காகப் பேச வேண்டிய முறை இப்போது நம்முடையது.