பழைய ஜீப் வாங்குமுன்

குடும்பம் பெருகியதும் பெரிய ஜீப் ஒன்று வாங்க நம்மில் பலர் நினைக்கிறோம். இரண்டு லட்சம் கிலோமீற்றர் ஓடியதுதான் கைக்கெட்டிய விலைக்கு வரும். ஓடிய தூரத்திலும் பார்க்க நாம் பயப்பட வேண்டியவை இரண்டு: கறளும் கடனும்.

பனிக்காலத்தில் வீதிக்குப் போடும் உப்பு அடிச்சட்டத்தையும் பிரேக் குழாய்களையும் அரித்துவிடும். சென் ஜேம்ஸ் ரவுண் மாடிகளின் நிலக்கீழ்த் தரிப்பிடத்து மங்கல் வெளிச்சத்தில் விலை பேசவேண்டாம். பகலில், நாமே தெரிவுசெய்த கராஜில் வாகனத்தை உயர்த்திப் பார்ப்போம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்ராட் பண்ணிச் சத்தத்தைக் கேட்போம். கியர் ஒயில் கருகி மணத்தால் விட்டுவிடுவோம்.

ஒன்ராறியோவில் வாகனத்தைத் தனிப்பட விற்பவர் அதன் தகவல் கோவையை வாங்குபவரிடம் கொடுக்கவேண்டும், இது சட்டம். முன்னைய உரிமையாளர் விபரமும் வாகனத்தின் மேலுள்ள கடனும் அதில் இருக்கும். கடன் தீராத வாகனத்தை வாங்கினால், கடன் கொடுத்தவர் அதை நம்மிடமிருந்தே எடுத்துப் போகலாம். உரிமையாளர் பெயரும் விற்பவர் பெயரும் ஒன்றல்லவெனில் விலகிவிடுவோம்.

36 நாள் செல்லுபடியாகும் பாதுகாப்புச் சான்றிதழ் பரிசோதித்த அன்றைய நிலையை மட்டுமே சொல்லும். அது உத்தரவாதம் அல்ல.

சீட்டெடுத்த காசு. ஒருநாள் பொறுத்து, பார்த்துக் கொடுப்போம்.